குடத்துக்காரி ஏன் பேசுவதில்லை

ஒரே வயரில் இரண்டு காதுக்கும் போகிற வெள்ளை இயர்போன் அது. குவைத்திலிருந்து சித்தி கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வலது பக்கத்தை அவர் மாட்டிக்கொள்வார், இடது பக்கம் எனக்கு. வயர் குட்டை என்பதால் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அடுப்படியில், விறகு அடுக்கியிருக்கும் மூலையில், ஆளுக்கொரு பலகையில் குந்திக்கொண்டு, பருப்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில் போனில் நீர்க்கோட்டைக் கதை கேட்போம். கதை முடிந்ததும் நான் சட்டென்று எழும்பிவிடுவேன். அவர் மட்டும் வயரைச் சுருட்டுகிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஒரு இயர்போனுக்கு எதற்கு இவ்வளவு சுருட்டல் என்று எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு நினைத்தால் அந்த எரிச்சலுக்காகவே வெட்கமாக இருக்கிறது.

நான் சித்தி என்று சொல்கிறவர்தான் என்னைப் பெற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு யார் யாரென்று குழம்பும். நான் அம்மா என்று கூப்பிடுவது அவருடைய அக்காவை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இது ஒன்றும் புதினமில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை அக்காவிடமோ தங்கச்சியிடமோ விட்டுவிட்டுப் போவார்கள். வளர்க்கிறவரைப் பிள்ளை அம்மா என்று கூப்பிடும். அம்மாவுடைய தங்கச்சி என்றால் சித்தி. முறையில் ஒரு பிசகும் இல்லை. எனக்கு இரண்டு வயதில் அவர் போனார், திரும்பி வந்தபோது எனக்குப் பதின்மூன்று. நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்ததாகச் சொல்வார்கள், எனக்கு ஞாபகமில்லை. கொழும்பில் கடையில் நின்ற அப்பா அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

அம்மாவை நான் ‘நீ’ என்றுதான் பேசுவேன். ‘சோத்தப் போடு, பசிக்குது’ என்பேன். சித்தியை ‘நீங்க’ என்பேன். லயத்தில் எல்லாரும் அதைப் பார்த்து, பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சினார்கள். மரியாதையாவது மண்ணாவது. தெரியாத ஆளிடம் ‘நீ’ என்று எப்படிப் பேசுவது? அது சித்திக்கு நன்றாகவே புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் ‘நீங்க’ என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் கீழே போகும்.

அவர் வந்த புதிதில் எனக்கு அவரைப் பார்த்தாலே கூச்சம். பூப்போட்ட தடித்த கம்பளியும் பால்மா டின்களும் வாசனைத் திரவியமுமாக வந்து இறங்கினார். வாயில் அரபிச் சொல் வந்து விழும். அவசரப்படுத்த ‘யல்லா’ என்பார், போதும் என்பதற்கு ‘கலாஸ்’ என்பார். கொழுந்து பறித்துவிட்டு வருகிற பொம்பளைகள் வழியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் கூட்டாளிகள் அவரை ‘குவைத்து’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். பண்டாரவளையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சித்தி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றால் நான் ரெண்டு அடி தள்ளி நிற்பேன். அவர் கிட்ட வர மாட்டார். தள்ளி நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டு என் புத்தகப் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில் என்னை ஸ்கூலுக்கு எழுப்பினார். அம்மா விடியவே பெரட்டுக்குப் போயிருந்தாள், அங்கே வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்குப் போக வேண்டும். சித்தி என் நெற்றியைத் தடவி, கன்னத்தைத் தட்டி, “ஹமூதி, எந்திரி, யல்லா” என்றார். நான் கண்ணைத் திறந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கையை எடுத்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சூடான சட்டியைத் தொட்டவர் மாதிரி எடுத்தார். யார் அந்த ஹமூதி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு ரொட்டியும் சம்பலும் தந்தபோது தட்டை என் கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு என்னை எழுப்புவது நின்றுபோனது. நானே அலாரம் வைத்து எழும்பினேன்.

இப்படி ஒருவரோடு ஒருவர் பேச ஒன்றுமில்லாமல் ஒரே அறையில் இருந்த எங்களுக்கு நடுவில்தான் நீர்க்கோட்டை வந்தது. அது போனில் கேட்கிற கதை. மலை உச்சியில் ஒரு கோட்டை நகரம், அங்கே ஒரு ஊற்றும் கிடையாது, தண்ணீரெல்லாம் அடிவாரத்து ஆற்றிலிருந்து தலைச்சுமையாக ஏற வேண்டும். கதையை எழுதுகிறவர் ஒருவரில்லை. ஏழெட்டுப் பேர், ஒவ்வொரு நாட்டில் இருந்துகொண்டு, அதே கோட்டைக்குள் ஆளுக்கொரு கதை எழுதுவார்கள். ஒருவர் திருடன் கதை எழுதுவார், ஒருவர் மந்திரக்காரி கதை, ஒருவர் ஆழியன் என்ற இளவரசன் கதை. குவைத்தில் அவர் வேலை செய்த வீட்டு டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அவர்தான் சித்திக்கு இந்தக் கதையைக் காட்டிக் கொடுத்தாராம். பாத்திரம் கழுவும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டே பழகிவிட்டார். ஒருநாள் அடுப்படியில் அவர் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, என்ன என்று நான் கேட்டேன். ஒரு பக்க இயர்போனைக் கழற்றி நீட்டினார்.

கேட்கக் கேட்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நீர்க்கோட்டைக் கதைகளில் ஒரு விசேஷம் இருந்தது. யார் எழுதினாலும், எந்தக் கதையானாலும், ஏதாவது ஓரிடத்தில் ஒரு பொம்பளை குடத்தோடு நிற்பாள். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. ஆழியன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலும் நிற்பாள், அவன் வாளெடுத்த காலத்திலும் நிற்பாள். பேசவே மாட்டாள். அவளுக்குப் பேர்கூடக் கிடையாது, குடத்துக்காரி என்றுதான் எல்லாக் கதையிலும் வரும். எழுதுகிறவர்கள் பேசி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு விளங்கிவிட்டது. அவள் யார், எங்கிருந்து வந்தாள், ஏன் பேசுவதில்லை என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய கூட்டமே கிளம்பியது. அதற்கென்று போனில் ஒரு குழு. தமிழ்நாடு, மலேசியா, யாழ்ப்பாணம், லண்டன் என்று எல்லா இடத்து ஆட்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு தியரி சொல்லலாம், ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும், எந்தக் கதையில் எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குழுவை நடத்துகிறவர் தூக்கிவிடுவார்.

நானும் சித்தியும் அந்தக் குழுவில் சேர்ந்தோம். சித்தியை நான்தான் சேர்த்துவிட்டேன். அவர் தன் பேருக்குப் பக்கத்தில் பூனாகலை என்று போட்டுக்கொண்டார், அதனால் எல்லாரும் பூனாகலை அக்கா என்றார்கள். நான் பண்டாரவளை என்று போட்டேன். அப்படிப் போட்டால் டவுன் பிள்ளை என்று நினைப்பார்களே. ஒரே லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, இந்த அக்கா யாரென்றே தெரியாத மாதிரி நான் எழுதுவேன். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் நான் கேட்டதில்லை. அவராகவே புரிந்துகொண்டு, குழுவில் என்னைப் பற்றிச் சொல்ல வந்தால் ‘அந்தத் தங்கச்சி’ என்பார்.

குழுவில் ஓடிய தியரிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ராஜ ரகசியம் தெரிந்ததால் நாக்கை அறுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. அவள் பேசினால் ஆறு வற்றிவிடும், அது சாபம் என்று இன்னொரு கட்சி. அவள்தான் மாறுவேடத்தில் இருக்கும் மந்திரக்காரி என்று ஒரு மலேசியாக்காரர் வரைபடமெல்லாம் போட்டார். மாலையில் அடுப்படியில் உட்கார்ந்து நானும் சித்தியும் இதையெல்லாம் வாசித்துச் சிரிப்போம். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும், நான் வாசித்துக் காட்டுவேன். அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, “என்னாடி ரெண்டு பேரும் இப்பிடிக் கெக்கே பிக்கேன்னு சிரிக்கிறீங்க, சாமான் கழுவியாச்சா” என்பாள். அந்த மாலைகளில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை.

அப்போதுதான் என் தியரியை எழுதினேன். ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். பாடத்துக்குக்கூட நான் அப்படி உழைத்ததில்லை. குடத்துக்காரிதான் ஆழியனைப் பெற்ற தாய். அவன் உயிருக்கு ஆபத்து என்பதால் தாயென்று சொல்லிக்கொள்ள முடியாமல், தண்ணீர் சுமக்கிற வேலைக்காரியாக வந்து, தூரத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். பேசினால் அழுதுவிடுவாள், உண்மை வெளியே வந்துவிடும், அதனால்தான் பேசுவதில்லை. இதுதான் என் தியரி. ஆதாரமும் காட்டினேன். திருடன் கதையில் குழந்தை ஆழியனுக்குக் காய்ச்சல் அடிக்கும்போது அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்குகிறாள். மந்திரக்காரி கதையில் அவன் பேரைக் கேட்டதும் அவள் தலையிலிருக்கிற குடம் தளும்புகிறது. குழுவில் ஒரே கைதட்டல். அழுதுவிட்டேன் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். குழுவை நடத்துகிறவர் அதை எல்லாருக்கும் மேலே நிறுத்தி வைத்தார்.

எதற்காக அப்படி ஒரு தியரி எனக்குத் தோன்றியது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஆதாரத்தைத்தான் காட்டியிருப்பேன். உள்ளபடி என்னவென்றால், போன அம்மா போகவே இல்லை, எங்கேயோ ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை, நானே எழுதிக்கொண்டேன். சித்திக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. அவராகவே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாசித்துவிட்டு என்னிடம் வந்து ஏதாவது சொல்வார், என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

அவர் என்னிடம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் டியூஷன் கிளாஸில் இருக்கும்போது, குழுவில் அவருடைய குரல் பதிவு வந்து விழுந்தது. அவருக்கு எழுத வராதே, குரலில்தான் எப்போதும் பேசுவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கேட்டேன்.

“வணக்கங்க. நான் பூனாகலையிலருந்து பேசுறேன். அந்தத் தங்கச்சி நல்லா எழுதியிருக்கு. ஆனா அது பிழைங்க. குடத்துக்காரி அந்தப் புள்ளையோட அம்மா இல்ல. திருடன் கதையில காச்சல் வந்த புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டான்னு வருது பாருங்க. சொந்தப் புள்ளைன்னா இடுப்புல வைப்போங்க. அடுத்தவங்க புள்ளைய இடுப்புல வெச்சுக் கொஞ்சினா வீட்டுக்காரங்களுக்குப் புடிக்காது, அதான் தோள்ல போடுறது. அப்பறம் எல்லாக் கதையிலயும் அவ கதவுக்கு வெளியிலதான் நிக்கிறா. கூப்பிட்டாத்தான் உள்ள போறா. அவ வேலைக்கு வந்தவங்க. அவளுக்கு வேற எங்கயோ ஒரு புள்ள இருக்கு.”

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மறுபடி தொடங்கியது.

“அவ ஊமையும் இல்ல, சாபமும் இல்லைங்க. அவளுக்கு வெக்கம். சொந்தப் புள்ளைய விட்டுட்டு வந்து இந்தப் புள்ள மேல ஆச வெச்சிட்டா. இத வளத்து வளத்து அந்தப் புள்ள மொகமே மறந்து போச்சு. வாயத் தொறந்தா அது வெளிய வந்துரும். அதான் பேச மாட்டேங்கிறா. வேற ஒண்ணுமில்ல. வச்சிர்றேங்க.”

குழுவில் சிரித்துத் தள்ளிவிட்டார்கள். குரல் பதிவில் போய் ‘வச்சிர்றேங்க’ என்று சொன்னதற்கு ஒரு சிரிப்பு, தோட்டத்துப் பேச்சுக்கு ஒரு சிரிப்பு. இது தியரி இல்லை, டீவி நாடகம் என்று ஒருவர் எழுதினார். அந்த அக்காவே வீட்டு வேலைக்குப் போய் வந்தவங்க போல, அதான் எல்லாரையும் வேலைக்காரியாவே பாக்குறாங்க என்று இன்னொருத்தி எழுதினாள். பஸ் மலையேறிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் சிரித்ததற்காகவா, அவர் சொன்னதற்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டிருக்குமோ என்று போனைப் பைக்குள் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நிற்கிற சந்தியில் சித்தி மாவு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் நின்றிருப்பார். அங்கிருந்து லயத்துக்குத் தேயிலைக்கு நடுவில் நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நான் கேட்டுவிட்டேன், “மறந்து போச்சா?”

“ஆமா” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாரும் இல்லையென்றுதானே சொல்வார்கள். அவர் மாவுப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்துகொண்டே சொன்னார். அவர் போன மறு வருஷம் அந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, ஹமூதி என்பது அவனுடைய செல்லப் பேர். பால் கொடுத்தது தவிர மற்ற எல்லாம் அவர்தான். அவன் நடை பழகியது அவர் விரலைப் பிடித்து, முதல் சொல் சொன்னது அவரைப் பார்த்து. என் போட்டோ பெட்டிக்குள் இருந்தது. “போட்டோ வளராதே” என்றார். “நீ ரெண்டு வயசுலயே நின்னுட்ட. அவன் பெரிசாகிக்கிட்டே போறான். ஒனக்கு அம்மை போட்டிருக்குன்னு அக்கா போன்ல சொன்னப்ப நான் அவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன். சரி சரி வேப்பிலை வைங்கன்னு சொல்லி வச்சிட்டேன். அவன் தூங்கினதுக்கு அப்பறம் துணி மடிக்கிறப்பதான் நெனவு வந்துச்சு, அது என் புள்ளைன்னு.”

இதை எப்படிக் கேட்டுக்கொண்டு நடந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “இதப் போய் ஊர் ஒலகத்துக்கெல்லாம் கேக்குற மாதிரிச் சொல்லணுமா? எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?” என்றேன்.

“ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. குடத்துக்காரிய வெச்சுச் சொன்னாச் சொல்லிறலாம்னு பாத்தேன்” என்றார்.

அன்றைக்கு நான் அவரைக் கட்டிப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். நான் வேகமாக முன்னால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரமே பண்டாரவளையில் எனக்கென்று ஒரு இயர்போன் வாங்கிக்கொண்டேன். அடுப்படியில் சேர்ந்து கேட்பது நின்றது. குழுவில் என் தியரிக்கு அம்மா கட்சி என்று பேர் வந்தது. அதற்கு நான்தான் தலைவி, வீட்டில் பெற்றவரை ஒருநாளும் அம்மா என்று கூப்பிடாத தலைவி. சித்தியின் தியரிக்கு வெட்கக் கட்சி என்று பேர் வைத்துக் கிண்டலடித்தார்கள், அதில் அவரோடு சேர்ந்து நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அவர் அதன் பிறகு குழுவில் வாய் திறக்கவில்லை. ஆனால் விலகிப் போகவுமில்லை. புதுக் கதை வந்தால் கேட்பார். மரக்கறித் தோட்டத்தில் போஞ்சி பறிக்கிற நாட்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார், அங்கேயும் ஒரு காதில் வயர் தொங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

படிப்பு முடிந்து எனக்குப் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. அங்கேயே அறை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவேன். கடைக்கு வெளிநாடு போகிற பொம்பளைகள் வருவார்கள், பிள்ளைக்கு விட்டமின் சிரப், புழு மருந்து, காய்ச்சல் மருந்து என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார்கள். எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போத்தலில் எழுதித் தரச் சொல்வார்கள். வளர்க்கப் போகிற அக்காவோ தங்கச்சியோ பக்கத்தில் நிற்பாள். நான் எழுதித் தருவேன். எழுதும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டேன். அவர்களை எனக்குப் பிடிக்காது என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்தால் எனக்கு நாணமாக இருந்தது என்பதுதான் சரி. சித்தி இப்படி எந்தக் கடையில் நின்று என் மருந்தை வாங்கினாரோ என்று தோன்றும். அதை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

போன மாதம் நீர்க்கோட்டையின் கடைசிக் கதை வந்தது. எழுதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதியது, குடத்துக்காரி யாரென்று இதில் சொல்லிவிடுவோம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். குழு கொதித்துக்கொண்டிருந்தது. அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வீட்டில் இருந்தேன். சித்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வா என்று கூப்பிடவில்லை. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “சத்தமா போடுங்க சித்தி, அம்மாவும் கேக்கட்டும்” என்றேன். அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். “இந்தக் கத இன்னமுமாடி முடியல” என்று சொல்லிக்கொண்டே காதைக் கொடுத்தாள்.

கதையில் ஆழியன் சண்டையில் செத்துப்போகிறான். அவனைத் தாய் யாரென்று தெரியாமல் எரிக்கக்கூடாது, அது அந்தக் கோட்டை வழக்கம். அவனுக்குத் தாயென்று யாராவது வந்தால் அவள் ராஜமாதா, அரண்மனையிலேயே இருக்கலாம். கூட்டமெல்லாம் குடத்துக்காரியைப் பார்க்கிறது. சாகும் வரை அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்தானே. என் தியரிதான் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். குடத்துக்காரி முதல் முறையாக வாயைத் திறந்தாள். “இவன் என் பிள்ளை இல்லை. நான் கூலிக்கு வந்தவள். என் பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, போய் நின்றால் அதற்கு என்னைத் தெரியாது.” அவ்வளவுதான் சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள். கதை முடிந்தது.

சித்தி சொன்னதுதான் சரி. வரிக்கு வரி சரி. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் ‘பாத்தியா’ என்று ஒரு பார்வையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் விழுந்துபோய் இருந்தது. போனைக் குப்புற வைத்தார்.

“நான் சொன்னது பிழையாப் போயிரும்னுதான் இத்தன நாளும் கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார். “கத எழுதுறவங்க நெனச்சா எதையும் எழுதலாம். அவள அம்மாவா ஆக்கிவிட்டிருக்கலாமே. அவங்களுக்கு என்னா கொறஞ்சிரும்.”

அம்மா பலாக்கொட்டையை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சித்தி, பீலியில் தண்ணி விழுதான்னு பார்த்துட்டு வாறேன் என்று வாளியையும் போனையும் எடுத்துக்கொண்டு எழும்பினார். எங்கள் லயத்துக்கே அந்த ஒரு பீலியில்தான் தண்ணீர் விழும், அவர் போகிற நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பின்னாலேயே அம்மாவும் இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் தனியாக உட்கார்ந்து குழுவைத் திறந்தேன். ஒரே அமளி. அத்தனை பேரும் பூனாகலை அக்காவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மன்னிச்சுக்கோங்க, அக்கா நீங்க சொன்னதுதான் சரி, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது, எழுதுறவங்கள உங்களுக்குத் தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. அன்றைக்கு டீவி நாடகம் என்று எழுதிய அதே ஆள், அக்கா நீங்க யாரு, ஒருதரம் சொல்லுங்க என்று எழுதியிருந்தார். சித்தி எதற்கும் பதில் சொல்லவில்லை. அம்மா கட்சித் தலைவி எங்கே என்று என்னையும் சிலர் தேடினார்கள்.

அம்மா என்ற சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தால் என்னை வளர்த்தவளுக்கு அதில் குறைந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு பயம். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். லயம், குவைத்து, வேலைக்காரி, வச்சிர்றேங்க, எல்லாமும்தான் காரணம். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது நிச்சயம். பீலிக்குப் போய் அவர் முன்னால் நின்றாலும் சித்தி என்றுதான் வரும். அதனால் அங்கேயே உட்கார்ந்து, அக்கா யாரென்று கேட்டவருக்குக் கீழே எழுதினேன். “பூனாகலை அக்கா எங்க அம்மா. குவைத்தில் வீட்டு வேலை செய்தார். அவர் விட்டுவிட்டுப் போன பிள்ளை நான்தான். நான் பண்டாரவளை இல்லை, நானும் பூனாகலைத் தோட்டம்தான்.” அனுப்பிவிட்டேன். அழித்துவிடலாமா என்று ஒருதரம் விரலைக் கொண்டுபோனேன், விட்டுவிட்டேன்.

குழுவில் ஒருவரும் எழுதவில்லை. அவ்வளவு பேர் இருக்கிற குழு அப்படி அமைதியானதை நான் பார்த்ததே இல்லை. பிறகு பூனாகலை அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்து காதில் வைத்தேன். வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். வாளி நிறைந்து வழிகிற சத்தம். அதற்குப் பின்னால், உற்றுக் கேட்டால் மட்டும் பிடிபடுகிற மாதிரி, தூரத்தில் என்னை வளர்த்த அம்மாவின் குரல், “என்னாடி, எதுக்கு இப்பிடி அழுவுற, மக என்னா எழுதியிருக்கு” என்று. மறுபடியும் தண்ணீர். அதோடு முடிந்துவிட்டது. ‘வச்சிர்றேங்க’ கூட இல்லை.

மலேசியாக்காரர்தான் முதலில் எழுதினார். “அக்கா, தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது. நீங்க சொன்னது ஒண்ணும் விளங்கல. இன்னொருதரம் அனுப்புங்க.”